மினி கன்வெர்டிபிளுக்குத் துணி டாப் மாற்ற வேண்டும், யாரிடம் கொடுப்பது?

கடலூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். செகண்ட் ஹேண்டில் 2013 மாடல் மினி கூப்பர் கன்வெர்டிபிள் வாங்கியிருக்கிறார், பிஒய் 01 என்ற புதுச்சேரிப் பதிவு. டாப் துணி இரண்டு பக்கமும் பிய்ந்திருக்கிறது, பின்கண்ணாடி ஒரு மூலையில் துணியை விட்டு வந்திருக்கிறது, மழை பெய்தால் பின்சீட் நனைகிறது. மஞ்சக்குப்பத்தில் ஒரு குஷன் கடைக்காரர் இரண்டே நாளில் ரெக்சினில் தைத்துப் போட்டுவிடலாம் என்கிறார். ஷோரூமில் டாப்பை மொத்தமாகவே மாற்ற வேண்டும் என்று லட்சங்களில் கணக்குச் சொல்கிறார்கள். சென்னையில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து தைத்த துணியாகவே வரவழைத்துப் போடலாம் என்கிறார். மூன்று பேரில் யாரை நம்புவது என்பது கேள்வி. கறுப்புக்குப் பதில் சிவப்பு போடலாமா என்று கடைசியில் ஒரு உபரிக் கேள்வியும் இருக்கிறது.

சீட், லைனிங், டாப் என்று காரின் உள்வேலைகளிலேயே பல வருஷமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இவர்தான் என்று இங்கிருந்து கைகாட்ட முடியாது. ஆளைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லலாம். வண்டியை நிறுத்தியதுமே துணி சாம்பிள் புத்தகத்தை எடுத்து நீட்டுகிறவரிடம் கொடுக்காதீர்கள். டாப்பைப் பாதி திறந்து நிறுத்தச் சொல்லி, டார்ச் அடித்து உள்ளே ஃபிரேமைப் பார்க்கிறவரிடம் கொடுங்கள்.

ஏன் என்று கேட்டால், வெளியே தெரிகிற துணி இந்த வேலையில் ஒரு பங்குதான். அதற்குக் கீழே மடங்கும் ஃபிரேம், குறுக்கே வில்லாக வளைந்த கம்பிகள், துணியின் பக்க மடிப்புக்குள் ஓடுகிற கேபிள்கள், டாப் மடங்கும்போது துணியை உள்பக்கமாக இழுத்துக்கொள்கிற எலாஸ்டிக் பட்டைகள், உள் லைனிங், பின்கண்ணாடி, அதில் பனி போக்கும் ஹீட்டர் வயர், சுற்றிலும் ரப்பர் பீடிங், உள்ளே வடிகிற தண்ணீரை வாங்கி வெளியே விடுகிற கால்வாயும் குழாயும். உங்கள் மாடலில் இதோடு ஹைட்ராலிக் பம்ப், சிலிண்டர்கள், டாப் எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சார்கள் எல்லாம் உண்டு. மினியில் கூடுதலாக ஒரு வில்லங்கம். டாப் முதலில் சன்ரூஃப் போல சுமார் 40 செ.மீ. பின்னால் நகர்ந்து நிற்கும், அப்புறம்தான் முழுசாக மடியும். அதாவது முன்பகுதித் துணி இரண்டு விதமாக மடங்க வேண்டும். தையலோ இழுவையோ கொஞ்சம் பிசகினாலும் முதலில் தகராறு செய்வது அந்த இடம்தான்.

முதலில், ஒழுகுவதற்குத் துணிதான் காரணமா என்று பாருங்கள். கன்வெர்டிபிளில் தண்ணீர் உள்ளே வருவதற்குப் பாதிக்குப் பாதி வேறு காரணங்கள் இருக்கும். வேப்பம்பூவும் தூங்குமூஞ்சி இலையும் டாப்பின் கால்வாய்க்குள் இறங்கி, மண்ணோடு சேர்ந்து களியாகி, டிரெய்ன் ஹோலை அடைத்துவிடும். போக வழியில்லாத தண்ணீர் பின்சீட்டுக்கடியில்தான் வந்து தேங்கும். வருஷக்கணக்காக வெயிலில் கிடந்த பீடிங் இறுகிப்போய் கண்ணாடியோடு ஒட்டாமல் நிற்கும். கதவுக் கண்ணாடியைச் சுற்றி ஃபிரேம் இல்லாத வண்டி இது. கதவுக் கண்ணாடியே நேராக டாப் பீடிங்கில்தான் போய் அமர்கிறது. அந்தக் கண்ணாடி நாலு மில்லிமீட்டர் வெளியே சாய்ந்திருந்தாலும் மழை உள்ளே வரும். இப்படிப்பட்ட வண்டிக்குப் புதுத் துணி போட்டால், புதுத் துணியோடு ஒழுகும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கி வேண்டாம், சாதாரணத் தோட்டக் குழாய் போதும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். வெளியே இருப்பவர் கீழிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர வேண்டும். மேலேயிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எது ஓட்டை என்று கண்டுபிடிக்க முடியாது. கண்ணாடி ஓரம் வரை வறண்டிருந்து, கண்ணாடி ஓரத்தைத் தொட்டதும் உள்ளே துளிர்த்தால் பதில் கிடைத்துவிட்டது. டிரெய்ன் குழாயில் ஒரு மக் தண்ணீர் விட்டுப் பாருங்கள், வண்டிக்குக் கீழே உடனே சொட்ட வேண்டும். சொட்டவில்லையென்றால் அதைச் சுத்தம் செய்யுங்கள். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே குழாய் கழன்றுகொள்ளும்.

இந்தச் சோதனையைச் செய்யாமலேயே விலை சொல்கிற ஆள், உங்கள் வண்டிக்கு விலை சொல்லவில்லை, பொதுவாக ஒரு டாப்புக்கு விலை சொல்கிறார்.

இரண்டு பக்கமும் பிய்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில்தான் நிறைய விஷயம் இருக்கிறது. இடதும் வலதும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் பிய்ந்திருந்தால் அது வயசு அல்ல, ஃபிரேம் கடித்தது. நான் மேலே சொன்ன எலாஸ்டிக் பட்டை தொய்ந்துபோனால், மடங்கும்போது துணி உள்ளே போகாமல் இரண்டு கம்பிகளுக்கு நடுவே மாட்டி நசுங்கும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அதே இடம் நசுங்கி, ஒரு நாள் நூல் தெரிய ஆரம்பிக்கும், அடுத்து ஓட்டை. மினியில் இது நன்றாகத் தெரிந்த வியாதி. பட்டையை மாற்றாமல் துணியை மட்டும் மாற்றினால் புதுத் துணியும் அதே இடத்தில் பிய்யும். ஒரு பட்டையின் விலை டாப் விலையில் தூசுக்குச் சமம். ஆகவே நீங்கள் போகிற இடத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஏன் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போயிருக்கு?" என்பதுதான். "பழசாயிடுச்சு சார்" என்று பதில் வந்தால் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். கையை உள்ளே விட்டு பட்டையைத் தொட்டுப் பார்க்கிறாரா, அந்த ஆளிடம் மேற்கொண்டு பேசலாம்.

இப்போது உங்கள் மூன்று பேரைப் பற்றி.

மஞ்சக்குப்பம் குஷன் கடையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஆட்டோ டாப், ஜீப் டாப், ஜிப்சி டாப் தைத்த கைகள் ரொம்ப நல்ல கைகள். பழைய மஹிந்திரா ஜீப்போ மாருதி ஜிப்சியோ வைத்திருந்தால் சென்னை வரை போக வேண்டிய அவசியமே இல்லை, உள்ளூரிலேயே பிரமாதமாகச் செய்வார்கள். 2020-இல் வந்த புதுத் தாரின் துணி டாப்பும் கையால் மடக்குகிற டாப்தான், ஜிப், வெல்க்ரோ, பட்டன் தெரிந்தால் போதும். அந்த வண்டிகளில் டாப் என்பது ஃபிரேமின் மேல் போர்த்துகிற துணி. மினியில் அது ஒரு இயந்திரத்தின் பாகம். ரெக்சின் தடிமன் வேறு, மடிகிற விதம் வேறு. மடிப்பில் ஒரு விரல் தடிமன் கூடினால் டாப் கடைசி நிலைக்குப் போய் உட்காராது. உட்காராவிட்டால் சென்சார் ஒப்புக்கொள்ளாது. பாதியில் நின்று எச்சரிக்கை விளக்கு எரியும். அதுவும் மழை வரும்போதுதான் நிற்கும். அந்தக் கடைக்காரரிடம் சீட் வேலையும் டிக்கி லைனிங்கும் தாராளமாகக் கொடுங்கள், டாப் வேண்டாம். அவர் ஏற்கெனவே மின் டாப் போட்ட வண்டியை உங்கள் கண்முன்னே திறந்து மூடிக் காட்டினால் அது வேறு கதை.

ஷோரூமிடம் ஸ்கேனர் இருக்கிறது, கம்பெனி கொடுத்த வேலை முறை இருக்கிறது, பார்ட் நம்பர் இருக்கிறது. பெரும்பாலும் துணியை மட்டும் உரித்துப் போடுகிற கை இருக்காது, அதனால்தான் மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள். மொத்த டாப் என்றால் ஃபிரேமும் சேர்த்து. உங்கள் ஃபிரேம் நேராக இருந்தால் அந்தச் செலவு வீண். வெளித் துணி மட்டும் தனியாக வருமா, பின்கண்ணாடி அதோடு ஒட்டி வருமா, பீடிங் செட் என்ன விலை, பட்டை தனியாகக் கிடைக்குமா என்று நாலு விலையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வேலையை அங்கே செய்யாவிட்டாலும் அந்தத் தாள் பேரத்துக்கு உதவும். பீடிங்கை மட்டும் கம்பெனி சாமானாகவே போடுங்கள் என்பது என் கட்சி. துணியில் மாற்று நன்றாகவே கிடைக்கிறது, பீடிங்கில் அப்படி இல்லை.

சென்னை ஆள் சொல்கிற வழிதான் உங்கள் வண்டிக்குப் பொருத்தமானது. இன்ன மாடலுக்கு என்று அளவெடுத்து, வெட்டி, தைத்து, கண்ணாடியும் ஒட்டி வருகிற ரெடிமேட் டாப்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்கிறார்கள். மாடலைப் பொறுத்து சில நூறு டாலரிலிருந்து ஆயிரம் சொச்சம் டாலர் வரை போகும். அதன்மேல் ஷிப்பிங், சுங்கவரி. வழி சரி என்பதால் ஆளும் சரி என்று ஆகிவிடாது. துணியை யார் வேண்டுமானாலும் வரவழைக்கலாம், நீங்களேகூட வரவழைக்கலாம். அதை இழுத்து உட்கார வைக்கிற கைக்குத்தான் காசு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சீட் கவர் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அத்தனையிலும் இந்தக் கை இருக்காது.

அவரிடம் போனில் பேசும்போதே பாதி தெரிந்துவிடும். வண்டியைக் கொண்டு வாங்க பார்த்துக்கலாம் என்று சொல்கிறாரா, அல்லது சேசிஸ் நம்பரும், டாப் முழுசாகத் திறந்து மூடுகிற வீடியோவும் அனுப்பச் சொல்கிறாரா? அந்த வீடியோவில் நல்ல ஆள் பார்ப்பது பிய்ந்த இடத்தை அல்ல. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் எழும்புகிறதா, ஒரு பக்கம் பின்தங்குகிறதா, பம்ப் சத்தம் திணறுகிறதா, கடைசியில் முன்பட்டை லாக்கில் நேராக வந்து விழுகிறதா என்று பார்ப்பார். ஒரு பக்கம் பின்தங்கினால் சிலிண்டரோ ஃபிரேம் வளைவோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புதுத் துணியை ஏற்றினால் துணி கோணலாக இழுபடும்.

அப்புறம் நேரில் கேட்க வேண்டியவை. பழைய டாப்பை எப்படிக் கழற்றுவீர்கள்? "கத்தி வச்சுக் கிழிச்சு எடுத்துடுவோம்" என்றால் யோசியுங்கள். பழைய துணிக்குள் இருக்கிற கேபிள், கம்பி, பிளாஸ்டிக் பட்டி எல்லாம் புதிதில் ஏற வேண்டியவை. படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் இடது வலது என்று எழுதி ஒட்டி, வேலை முடியும் வரை பழைய துணியைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறவர்தான் தொழில்காரர். பம்ப் வேலை செய்யவில்லை என்றால் டாப்பைக் கையால் எப்படி மூடுவீர்கள்? மின் டாப்பில் கை வைத்தவருக்கு இது யோசிக்காமல் வர வேண்டிய பதில். வேலை நடக்கும்போது பேட்டரிக்கு சார்ஜர் போடுவீர்களா? டாப் ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் நிறையக் கரண்ட் இழுக்கும். அளவு பார்க்கப் பல தடவை ஏற்றி இறக்கினால் பேட்டரி உட்கார்ந்துவிடும், வோல்டேஜ் குறைந்ததும் வராத கோளாறெல்லாம் வரும். போடாதவர் பிறகு அந்தக் கோளாறுக்கும் உங்களிடம் காசு கேட்பார்.

துணியை நானே இங்கே தைக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒரே கேள்வி: அளவு எதில் எடுப்பீர்கள்? பழைய துணியைப் பிரித்து அதன்மேல் வைத்து வெட்டுவேன் என்றால் வேண்டாம். பழைய துணி ஒரு பக்கம் தொய்ந்திருக்கும், ஒரு பக்கம் சுருங்கியிருக்கும். அதைப் பார்த்து வெட்டினால் புதிதும் பழசின் தொப்பையோடு வரும். பட்டைகளையும் பஞ்சையும் முதலில் மாற்றி, ஃபிரேமை மூடி லாக் போட்டு, ஃபிரேமிலேயே அளவெடுக்கிறவர் அபூர்வம். ரெடிமேட் வராத பழைய வண்டிகளுக்கு அப்படிப்பட்ட ஆள்தான் கதி. உங்களுக்கு வருகிறது, ஆகவே அந்தப் பாடு வேண்டாம்.

துணியைப் பற்றிக் கொஞ்சம். நல்ல டாப் துணி மூன்று அடுக்கு. மேலே அக்ரிலிக் நெசவு, நடுவில் ரப்பர், கீழே பாலியெஸ்டரோ பருத்தியோ. தண்ணீரைத் தடுப்பது நடு அடுக்கு. ஜெர்மன் வண்டிகளில் வருகிற சோனன்லேண்ட், அமெரிக்காவில் ஹார்ட்ஸ் கம்பெனியின் ஸ்டேஃபாஸ்ட், ட்வில்ஃபாஸ்ட் எல்லாம் இந்த வகை. இங்கே ஒரு எச்சரிக்கை. ஈசிஆர் ரிசார்ட்டுகளிலும் வெள்ளை நகரத்துக் கஃபேக்களிலும் வெயிலுக்குக் கட்டுகிற பந்தல் துணியும் அக்ரிலிக்தான், பார்க்க இதே மாதிரி இருக்கும், விலையும் குறைவு. அதில் நடு ரப்பர் கிடையாது. நின்று பெய்கிற மழையைத் தாங்கும், 80 கி.மீ. வேகத்தில் மோதுகிற மழையைத் தாங்காது. சாம்பிளின் ஓரத்தை நகத்தால் பிரித்துப் பாருங்கள், நடுவில் கறுப்பாக ரப்பர் படலம் தெரிய வேண்டும்.

நூல், பின், பசை. இந்த மூன்றையும் யாரும் கேட்பதில்லை, கடற்கரை ஊரில் டாப்பின் ஆயுள் இந்த மூன்றில்தான் இருக்கிறது. நூல் வெயில் தாங்குகிற பாலியெஸ்டராக இருக்க வேண்டும். பருத்தி கலந்த நூல் துணிக்கு முன்னால் மக்கிவிடும், துணி புதுசாக இருக்கத் தையல் பிரியும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். சாதாரண பின் தேவனாம்பட்டினம் உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துரு கக்கும், துணியில் பழுப்புக் கோடு இறங்கும், அது போகவே போகாது. பின் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள், ஒன்றை எடுத்து ஒரு ராத்திரி உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் போதும். பசை உயர் வெப்பம் தாங்குகிறதாக இருக்க வேண்டும். சோபாவுக்குப் போடுகிற பசை வீட்டுக்குள் நன்றாகவே நிற்கும். கத்திரி வெயிலில் மூடி நிறுத்திய காரின் டாப் ஓரத்தில் அது இளகி, இழுபட்டிருக்கிற துணி மெல்ல நழுவி வரும்.

பின்கண்ணாடி உங்கள் வண்டியில் உண்மையான கண்ணாடி, பிளாஸ்டிக் அல்ல. ஓரம் விட்ட இடத்தில் சிலிக்கானையோ உடனடிப் பசையையோ பிதுக்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். முன்கண்ணாடி ஒட்டுகிற பாலியூரித்தேன் பசையும் அதற்கு முன் தடவுகிற பிரைமரும்தான் இதற்கும். அந்தப் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும், அந்த வகையில் நம்ம ஊர் அதற்குத் தோதான ஊர். ஆனால் ஒருமுறை சிலிக்கான் பட்ட துணியில் பிறகு எந்தப் பசையும் பிடிக்காது. ரெடிமேட் டாப் போடுவதானால் கண்ணாடியோடு ஒட்டி வருவதையே வாங்குங்கள், ஹீட்டர் வயர் முனை உங்கள் மாடலுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் வேலை நடக்கும் நாளில் ஒரு மணி நேரம் பக்கத்தில் நில்லுங்கள். நல்ல ஆள் புதுத் துணியை முதலில் வெயிலில் விரித்துப் போட்டு இளகவிடுவார். ஃபிரேமின் ஒவ்வொரு குறுக்குக் கம்பியிலும் நட்ட நடுவே சாக்பீஸ் கோடு, துணியின் நடுவிலும் கோடு. கோட்டோடு கோடு சேர்த்துப் பின்பக்கத்தை முதலில் பிடிப்பார், பிறகு முன்பக்கத்தை இழுத்து கிளிப்பில் மட்டும் நிறுத்துவார், பசை இல்லை, பின் இல்லை. டாப்பை மூடுவார், லாக் போடுவார், சுற்றி வந்து தையல் கோடு இரண்டு பக்கமும் கதவுக் கண்ணாடிக்கு மேல் ஒரே உயரத்தில் ஓடுகிறதா என்று குனிந்து பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் கிளிப்பைக் கழற்றி அரை சென்டிமீட்டர் இழுப்பார், மறுபடி மூடுவார். இப்படி எத்தனை தடவை செய்கிறார் என்பதுதான் அவருடைய தரம். கடைசியில்தான் பசை. எடுத்ததும் பசை தடவுகிற ஆளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வண்டி ராத்திரி எங்கே நிற்கும் என்று கேட்டீர்களா? நம்ம பக்கம் குஷன் கடைகளில் பாதிக்கு வேலை ரோட்டோரத்தில்தான். சீட்டைக் கழற்றித் தைக்கிறவரைக்கும் சரி. டாப்பைக் கழற்றிய வண்டி இரண்டு மூன்று நாள் திறந்து கிடக்கும். சிமென்ட் ஷீட் போட்ட ஷெட்டாவது, பூட்டுகிற கதவாவது வேண்டும். இதனாலேயே அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்த வேலையை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பிப்ரவரி, மார்ச் நல்ல காலம். துணி இளகுகிற அளவுக்கு வெயில் இருக்கும், மழைக்கு முன் தவறுகளைத் திருத்திக்கொள்ள அவகாசமும் இருக்கும்.

பணம். துணிக்கு உண்டான காசை முன்பணமாகக் கொடுங்கள், கூலியை வேலை முடிந்து தண்ணீர் சோதனை ஆன பிறகு. பில்லில் துணியின் பெயர், பீடிங் மாற்றியதா இல்லையா, பட்டை மாற்றியதா, கூலிக்கு எத்தனை மாதம் பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்கள். துணிக்குக் கம்பெனி தரும் வாரண்டியும் கூலிக்குக் கடை தரும் பொறுப்பும் வெவ்வேறு. "அதெல்லாம் எதுக்கு சார், நான் இருக்கேன்" என்று மனசாரச் சொல்வார்கள், அதையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வயசாகிப் பிய்ந்ததற்கு எந்தப் பாலிசியும் தராது. மரம் விழுந்தோ புயலிலோ கிழிந்தால் கேட்கலாம். ஆனால் வேலையில் கை வைப்பதற்கு முன் தகவல் சொல்லி சர்வேயர் பார்த்திருக்க வேண்டும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், கண்ணாடிக்குக் கழிக்க மாட்டார்கள். ஜீரோ டெப் எடுத்திருந்தால் இந்தக் கழிவு இல்லை. துணிக்குப் பதிலாக நிரந்தர ஹார்டு டாப் போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அதில் குறுக்கே வரும். துணியை எடுத்துத் துணியே போடுவதில் அந்தச் சிக்கல் இல்லை.

இன்னொன்று, பிஒய் பதிவு பற்றி. சாலை வரி குறைவு என்பதற்காகவே வெளியூர் சொகுசு கார்கள் பல புதுச்சேரியில் பதிவானவை. அதனால் பிஒய் நம்பர் என்றால் வண்டி கடற்கரையில் வளர்ந்தது என்றும் சொல்ல முடியாது, வளரவில்லை என்றும் சொல்ல முடியாது. டாப்பைக் கழற்றியதும் ஃபிரேம் இணைப்புகளில் உப்புத் துரு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். துணி இல்லாத அந்த ஒரு நாள்தான் அதைத் தேய்த்து பிரைமர் அடிக்க வாய்ப்பு. டிங்கர் ஒருவரை அன்றைக்கு வரச் சொல்லி வைத்தால் நல்லது.

வண்டி கைக்கு வந்ததும் ஒரு வாரமாவது டாப்பைத் திறக்காதீர்கள். புதுத் துணி விறைப்பாக இருக்கும், லாக் போட இழுக்கும், அது சரியான அறிகுறி. சுலபமாக மூடினால்தான் சந்தேகப்பட வேண்டும். ஈசிஆரில் 80-இல் ஓட்டிப் பாருங்கள். காற்றுச் சத்தம் கொஞ்சம் இருக்கும், துணி படபடவென்று அடிக்கக்கூடாது. ஈரத்தோடு ஒருபோதும் மடிக்க வேண்டாம், நம்ம ஊர் புழுக்கத்தில் சீக்கிரமே பூஞ்சை கறுப்பாகப் பூத்துவிடும். காக்காய் எச்சத்தை ஈரத்துணியால் ஊறவைத்து எடுங்கள், காய்ந்ததைச் சுரண்டினால் நெசவு போகும். ரொம்ப நாள் நிறுத்தி வைப்பதானால் எலிக்கு ஏதாவது செய்துகொள்ளுங்கள். மடித்த டாப்பின் உள் லைனிங் எலிக்குப் பிடித்த இடம்.

சிவப்பு விஷயம். நூலாக இழுப்பதற்கு முன்பே சாயம் ஏற்றிய அக்ரிலிக் என்றால் நன்றாகத் தாங்கும், இருந்தாலும் வெளுப்பது முதலில் கண்ணுக்குத் தெரிவது சிவப்பில்தான். ரெடிமேடில் கறுப்பு கையிருப்பில் இருக்கும், சிவப்பை ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும், திருப்பி அனுப்புவதும் கஷ்டம். நான் கறுப்புதான் போடுவேன். சிவப்புதான் வேண்டும் என்று மனசு சொன்னால் அடர் மரூன் பக்கம் போங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே அதே துணியில் அரை மீட்டர் கூடுதலாக வாங்கி, வெயில் படாமல் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷம் கழித்து ஒரு ஒட்டுப் போட வேண்டியிருந்தால் அந்தச் சாயம் கடையில் கிடைக்காது.